உப்புக்கண்டம்: குர்பானி இறைச்சியைக் கெடாமல் காய வைப்பது எப்படி?

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மறுநாள் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்று உண்டு. ஏழைகளுக்கும் உறவினர்களுக்கும் பங்கு கொடுத்தது போக மீதமிருக்கும் இறைச்சியை என்ன செய்வது? ஏழு பேர் கூட்டாகக் கொடுக்கும் மாட்டில் ஒரு பங்குக்கே பல கிலோ கறி வருகிறது. குளிர்பெட்டியில் இடம் போதாது. மின்சாரம் நீண்ட நேரம் நின்றுவிட்டால் அதுவும் கெட்டுப்போகும்.

நம் பாட்டிமார்கள் இதற்குக் கண்ட வழி உப்புக்கண்டம். இன்று வெளிநாடுகளில் 'பீஃப் ஜெர்க்கி' என்று பொட்டலம் போட்டு விற்பது இதன் உறவுதான். இறைச்சியை மெல்லியதாக அரிந்து, உப்பும் மசாலாவும் சேர்த்து, நீரை வற்றச் செய்தால் அது பல வாரங்கள் தாங்கும். ஆனால் சரியாகச் செய்யாவிட்டால் இதே உணவு குழந்தைகளையும் முதியவர்களையும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். ஆகவே இதன் மார்க்க அடிப்படை, செய்முறை, ஆபத்துகள், கடையில் வாங்கும்போது பார்க்க வேண்டியவை ஆகியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நபிகளார் காலத்தில் உலர்ந்த இறைச்சி

உலர்த்திய இறைச்சிக்கு அரபியில் 'கதீத்' என்று பெயர். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மக்கா, மதீனா மக்கள் இதைச் சாதாரணமாக உண்டு வந்தார்கள்.

ஒரு தையற்காரர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்த நிகழ்ச்சியை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உலர்ந்த இறைச்சியும் சேர்த்துச் சமைத்த குழம்பும் அந்த விருந்தில் வைக்கப்பட்டன. நபி (ஸல்) அவர்கள் தட்டில் சுரைக்காயைத் தேடித் தேடி உண்டதைப் பார்த்த அன்று முதல் தமக்கும் சுரைக்காய் பிடித்துப்போனது என்கிறார் அனஸ் (ரலி). இது புகாரியில் பதிவாகியுள்ளது.

குர்பானி இறைச்சியைச் சேமிப்பது பற்றியும் தெளிவான வழிகாட்டுதல் உள்ளது. ஓர் ஆண்டு நபி (ஸல்) அவர்கள் மூன்று நாட்களுக்கு மேல் குர்பானி இறைச்சியை வைத்திருக்க வேண்டாம் என்றார்கள். அந்த ஆண்டு மக்கள் கடும் சிரமத்தில் இருந்தார்கள். மதீனாவுக்கு ஏழைக் கிராமவாசிகள் பலர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு உணவு கிடைக்க வேண்டும் என்பதே தடையின் நோக்கம். அடுத்த ஆண்டு அந்தத் தடையை நீக்கி, உண்ணவும், பிறருக்கு உண்ணக் கொடுக்கவும், சேமித்து வைக்கவும் அனுமதித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இதற்கான ஹதீஸ்கள் உள்ளன.

குர்பானி இறைச்சிக்கு உப்பிட்டு வைத்து நபி (ஸல்) அவர்களுக்குக் கொடுத்ததை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இறுதி ஹஜ்ஜின்போது பலிப்பிராணியின் இறைச்சியைப் பக்குவப்படுத்தி வைக்குமாறு ஸவ்பான் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். மதீனா வந்து சேரும் வரை அவர்கள் அதிலிருந்து உண்டார்கள் என்று முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

துல்ஹஜ் 11, 12, 13 ஆகிய நாட்களை 'அய்யாமுத் தஷ்ரீக்' என்கிறோம். குர்பானி இறைச்சியைக் கீற்றுகளாக அரிந்து வெயிலில் காய வைத்ததால் அந்தப் பெயர் வந்தது என்பது அறிஞர்கள் கூறும் விளக்கங்களில் ஒன்று.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. சேமிப்பது கூடும். ஆனால் ஊரில் பசித்தவர்கள் இருக்கும்போது அவர்களின் பங்கே முதலில். உப்புக்கண்டத்துக்கு எடுத்து வைப்பது, கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு நம் பங்கில் மீதமிருப்பதாக இருக்கட்டும். மேலும், குர்பானி கொடுத்தவர் அதன் இறைச்சியை விற்கக் கூடாது. ஆகவே அதைக் காய வைத்து வியாபாரம் செய்ய நினைப்பவர்கள் கடையில் தனியாக இறைச்சி வாங்கியே செய்ய வேண்டும்.

உலகம் முழுவதும் ஒரே வழி

தமிழகத்தில் இது புதிய பழக்கம் அல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையிலேயே 'வாடூன்' என்ற சொல் வருகிறது. வாடிய ஊன், அதாவது உலர்ந்த இறைச்சி என்பது பொருள். கேரளத்தில் உலர்ந்த இறைச்சியை உரலில் இடித்து, தேங்காயெண்ணெயில் வதக்கி 'இடியிறைச்சி' செய்கிறார்கள்.

மொரோக்கோவில் மாட்டிறைச்சியை மசாலா தடவிக் காய வைத்து, பிறகு கொழுப்பில் வேக வைத்து மாதக்கணக்கில் பாதுகாக்கிறார்கள். 'கலீ' என்று அதற்குப் பெயர். துருக்கியின் 'பாஸ்திர்மா' உப்பிட்டு அழுத்தி, வெந்தயமும் பூண்டும் மிளகாயும் அரைத்த விழுதைப் பூசி உலர்த்தியது. நைஜீரியாவின் ஹவ்ஸா மக்கள் 'கிலிஷி' என்ற பெயரில் வேர்க்கடலை விழுது தடவிய உலர் மாட்டிறைச்சி செய்கிறார்கள். இந்தோனேசியாவில் 'டென்டெங்'. தென்னாப்பிரிக்காவில் 'பில்டாங்'. ஜெர்க்கி என்ற சொல்லே தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழியில் உள்ள 'சார்க்கி' என்பதிலிருந்து வந்தது.

ஏன் கெடுவதில்லை? எப்போது கெடும்?

பச்சை மாட்டிறைச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். கிருமிகள் பெருக அந்த நீர் வேண்டும். வெயிலும் காற்றும் நீரை வெளியேற்றுகின்றன. மீதமுள்ள நீரை உப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. கிருமிகளுக்குப் பயன்படும் நீரின் அளவை உணவு அறிவியலில் 0 முதல் 1 வரை கணக்கிடுவார்கள். பச்சை இறைச்சியில் அது 0.99 அளவில் இருக்கும். 0.85-க்குக் கீழே இறங்கினால் நோய் தரும் பாக்டீரியாக்கள் வளர முடியாது. பூஞ்சை மட்டும் அதற்குக் கீழேயும் வளரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்ந்த இறைச்சியில் கிருமி வளராது என்பதற்கு, ஏற்கெனவே இருந்த கிருமி செத்துவிட்டது என்று பொருள் அல்ல. அறுக்கும்போதும் அரியும்போதும் சால்மோனெல்லா, இ-கோலை போன்ற கிருமிகள் ஒட்டியிருந்தால், காய்ந்த பிறகும் அவை உயிரோடு இருக்கலாம். 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் பெருகும் வெப்பம். நம் ஊர் வெயிலில் காயும் இறைச்சி, போதிய அளவு உலரும் வரை இந்த வெப்பத்திலேயேதான் இருக்கிறது.

அதனால்தான் மாட்டிறைச்சி ஜெர்க்கி செய்பவர்கள் முதலில் இறைச்சியின் உள்வெப்பத்தை 71 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்து, பிறகு உலர்த்த வேண்டும் என்று அமெரிக்க வேளாண்துறை அறிவுறுத்துகிறது. கோழி என்றால் 74 டிகிரி. முதலில் உலர்த்திவிட்டால் கிருமிகள் வெப்பத்தைத் தாங்கும் தன்மை பெற்றுவிடுகின்றன. மாட்டிறைச்சி வழியாகப் பரவும் நாடாப்புழுவின் கூடுகளும் இந்த வெப்பத்தில் அழிந்துவிடும்.

பாட்டி காலத்தில் கொதிக்க வைக்காமலேயே செய்தார்களே என்று கேட்கலாம். அவர்கள் உப்பை அள்ளிப் போட்டார்கள். சாப்பிடும் முன் எண்ணெயில் நன்றாகப் பொரித்தார்கள் அல்லது குழம்பில் நெடுநேரம் கொதிக்க விட்டார்கள். அதுவே அவர்களுக்குப் பாதுகாப்பு. ஜெர்க்கியைப் போல் அப்படியே மென்று தின்ன நினைத்தால், முன்கூட்டியே வேக வைப்பது அவசியம்.

எந்தக் கறியை எடுப்பது?

கொழுப்பு இல்லாத தொடைக்கறியே சிறந்தது. கொழுப்பு காயாது, சில நாட்களில் காறல் வாடை எடுத்துவிடும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் கொழுப்பு, ஜவ்வு எல்லாவற்றையும் சீவி எடுத்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாத மாடுகளையும், நிரந்தரமாக முடங்கிப்போனவற்றையும் உரிய சான்று பெற்ற பிறகே அறுக்க முடியும். எனவே நமக்குக் கிடைக்கும் கறி பெரும்பாலும் முற்றியது. முற்றிய கறியை நார் ஓடும் திசையிலேயே அரிந்தால் பல்லில் கயிறு போல இழுக்கும். மென்று தின்பதற்கானால் நாருக்குக் குறுக்கே அரியுங்கள். கோர்த்துத் தொங்கவிட்டு, பிறகு பொரித்து இடிப்பதற்கானால் நார் வாக்கில் நீளமாக அரியலாம், அறுந்து விழாது.

செய்முறை

1 கிலோ கொழுப்பில்லாத கறிக்கு:

கல் உப்பு 80 கிராம், மஞ்சள் தூள் 2 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் 3 தேக்கரண்டி, இடித்த மிளகு 1 தேக்கரண்டி, பூண்டு ஒரு முழுக் கட்டி. இது உப்புக்கண்டத்துக்கான உப்பு. ஜெர்க்கி போல் அப்படியே தின்பதற்கானால் உப்பை 20 முதல் 25 கிராமாகக் குறையுங்கள். உப்பு குறைந்தால் பாதுகாப்பும் குறையும். அதைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

1. கறியைக் கழுவி, நீரை முழுவதும் வடித்து, உறைபெட்டியில் 1 அல்லது 2 மணி நேரம் வையுங்கள். சற்று இறுகிய கறியை ஒரே சீராக அரிய முடியும்.

2. 5 மில்லிமீட்டர் கனத்தில், விரல் நீளத்துக்கும் மேலாக அரியுங்கள். கனமும் மெலிதுமாக இருந்தால் மெலிந்தது கருகும். கனத்தது உள்ளே ஈரமாக நிற்கும்.

3. மசாலாவை அரைத்துத் தடவி, மூடி, குளிர்பெட்டியில் ஓர் இரவு ஊற வையுங்கள். வெளியே வைக்க வேண்டாம்.

4. கறி மூழ்கும் அளவு நீரில் கொஞ்சம் உப்பும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வையுங்கள். ஊறிய கீற்றுகளைச் சிறிது சிறிதாகப் போட்டு, மீண்டும் தளதளவென்று கொதி வந்த பிறகு 5 நிமிடம் விட்டு எடுங்கள். இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள்.

5. நீர் வடிந்ததும், வெந்நீரில் கழுவிய ஊசியால் நூலில் கோருங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். எவர்சில்வர் தட்டு அல்லது மூங்கில் முறத்திலும் பரப்பலாம். துத்தநாகத் தகடு, அச்சடித்த செய்தித்தாள் கூடாது.

6. ஈ நுழையாத வலையால் மூடுங்கள். காலை வெயில் ஏறிய பிறகு வைத்து, பொழுது சாயும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். இரவுப் பனி பட்டால் அன்றைய வெயில் வீண். நல்ல வெயிலில் 3 முதல் 5 நாட்கள் ஆகும். மின் உலர்த்தி இருந்தால் 60 டிகிரிக்கு மேல் வைத்து ஒரே நாளில் முடிக்கலாம்.

7. ஓவன் உள்ளவர்கள் கடைசியில் 135 டிகிரியில் 10 நிமிடம் வைத்து எடுத்தால் கூடுதல் பாதுகாப்பு.

பதம் பார்ப்பது எளிது. ஒரு துண்டை ஆற வைத்து வளையுங்கள். வளைந்து, மேலே நார் நாராக விரிசல் விட்டு, இரண்டாக உடையாமல் இருந்தால் ஜெர்க்கிப் பதம். 'படக்'கென்று உடைந்தால் உப்புக்கண்டப் பதம். அழுத்தும்போது ஈரம் கசிந்தால் இன்னும் காய வேண்டும். 1 கிலோ கறி ஏறத்தாழ 350 முதல் 400 கிராம் வரை வற்றும்.

சந்தையில் விற்கும் ஜெர்க்கியின் சிவப்பு நிறத்துக்காக வெடியுப்பு போன்றவற்றை வீட்டில் சேர்க்காதீர்கள். அளவு சற்று மிஞ்சினாலும் நஞ்சு. நம் செய்முறைக்கு அது தேவையும் இல்லை.

மலையூர்களில் எப்படி?

சமவெளியில் சொல்லும் கணக்கு மலையில் பொருந்தாது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றால் வரும் அந்த மலை, கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கும் மேல் இருக்கிறது. 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் 6 டிகிரி அளவுக்குக் குறையும் என்பது பொதுக் கணக்கு. அரியூர் நாடு போன்ற ஊர்ப்பகுதிகளில் மேகமும் மூடுபனியும் சேர்ந்துகொண்டால் காற்றிலேயே ஈரம் நிற்கும். நாமக்கல்லில் 3 நாளில் காயும் கறி, அங்கே ஒரு வாரம் கழித்தும் நசநசவென்று இருந்து பூஞ்சை பிடித்துவிடலாம்.

பணிக்காகவோ தொழிலுக்காகவோ மலையூர்களில் குடும்பத்தோடு தங்கியிருப்போர் கவனிக்க வேண்டியவை:

கறியைச் சமவெளியில் வாங்கி மேலே கொண்டுபோவதானால் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தே கொண்டுசெல்லுங்கள். வெயில் காலத்தில் பச்சைக் கறி வெளியே 1 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதைவிடச் சுலபம், கீழே உறவினர் வீட்டிலேயே வேக வைத்துக் காய வைத்து, முடிந்த பொருளை மட்டும் மேலே எடுத்துச் செல்வது.

மலையிலேயே செய்வதானால் வெயிலை நம்பாமல் அடுப்பை நம்புங்கள். மின் உலர்த்தியோ, விறகடுப்புக்கு மேலே கட்டிய கம்பியோ உதவும். அடுப்பின் சூடும் புகையும் சேர்ந்து கறியை உலர்த்தும். கீற்றுகளை 3 மில்லிமீட்டராக மெலிதாக்குங்கள். உயரத்தில் நீர் 100 டிகிரிக்குச் சற்று முன்பே, 96 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். 71 டிகிரிக்கு அது தாராளம். இருந்தாலும் 2 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். மிளகுக்குப் பஞ்சமில்லை. கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்து விளையும் மிளகே போதும்.

இன்னொன்றும் உண்டு. மலையானாலும் நகரமானாலும், நம் அண்டை வீட்டார் மாட்டிறைச்சி உண்ணாதவர்களாக இருக்கலாம். அண்டை வீட்டாரின் உரிமையை மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை நாம் அறிவோம். பொதுவழியிலும், அடுத்த வீட்டுச் சன்னலுக்கு நேராகவும் தொங்கவிடாமல், மாடியில் மறைவாகவோ வீட்டுக்குள்ளோ உலர்த்துவது நல்லது.

சேமிப்பும் சமையலும்

முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். சூடாக மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத கண்ணாடிப் பாத்திரத்தில் வெளியே 1 மாதம். குளிர்பெட்டியில் அதற்கு மேலும் தாங்கும். தேதி எழுதி ஒட்டி வையுங்கள். ஒரு துண்டில் பூஞ்சை தெரிந்தாலும் அந்தப் பாத்திரத்தில் உள்ளதை முழுவதும் அப்புறப்படுத்துங்கள். சரியாகக் காயாததைக் காற்று நீக்கிய உறையில் அடைக்கக் கூடாது. காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு கொடிய கிருமிக்கு அதுவே ஏற்ற இடமாகிவிடும்.

சமைக்கும் முன் உப்புக்கண்டத்தை வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேலே சொன்ன அளவில் செய்த உப்புக்கண்டத்தில் 50 கிராம் தின்றாலே 9 கிராம் வரை உப்பு சேர்ந்துவிடும். ஊற வைத்த பிறகு நல்லெண்ணெயில் பொரித்து இடித்துச் சோற்றோடு பிசையலாம். கத்தரிக்காய், வாழைக்காய், சுரைக்காய் சேர்த்துக் குழம்பு வைக்கலாம். குழம்புக்குத் தனியாக உப்புப் போட வேண்டாம்.

இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் நன்றாகச் சமைத்தே கொடுங்கள். உப்பிட்டும் உலர்த்தியும் பதப்படுத்திய இறைச்சியை அடிக்கடி உண்பது குடல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் அறிவித்தது. ஆகவே இது அன்றாட உணவு அல்ல. எப்போதாவது தொட்டுக்கொள்வதற்கு மட்டும். சாப்பிட்ட பிறகு குழந்தைக்கு இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு கண்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். சில வகை இ-கோலை கிருமிகள் சிறுநீரகத்தையே பாதிக்கும்.

கடையில் வாங்குவதானால்

'பீஃப்' என்று எழுதியிருப்பதால் மட்டும் ஹலால் ஆகிவிடாது. முதலில் அறுப்பு முறைக்கான நம்பகமான சான்றைப் பாருங்கள். சிங்கப்பூரில் முயிஸ், மலேசியாவில் ஜாக்கிம் முத்திரைகள் இதற்காகவே உள்ளன. இந்தியத் தயாரிப்பானால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்க வேண்டும்.

அடுத்து உட்பொருட்களை வாசியுங்கள். பீர், போர்பன், ஒயின் சுவையூட்டிய ஜெர்க்கிகள் மேலைநாட்டுக் கடைகளில் ஏராளம். ஜெலட்டின் எந்தப் பிராணியிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். குச்சி வடிவில் வருபவற்றின் மேலுறை பன்றியிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம். சில குச்சிகளில் மாட்டிறைச்சியோடு பன்றி இறைச்சியும் கலந்திருக்கும். இ120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். சோயா சாஸ் புளிக்க வைத்துச் செய்வது என்பதால், ஐயமிருந்தால் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசியக் கடைத்தெருக்களில் காணும் 'பக் குவா' பெரும்பாலும் பன்றி இறைச்சி. பார்வைக்கு ஜெர்க்கி போலவே இருக்கும் என்பதால் கவனம் தேவை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப நினைக்கும் பெற்றோரும் உண்டு. பல நாடுகள் வீட்டில் செய்த இறைச்சிப் பொருட்களை விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்கின்றன. ஆஸ்திரேலியாவில் அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதமும் உண்டு. இந்தியாவுக்குள்ளும் மாநிலத்துக்கு மாநிலம் மாட்டிறைச்சிச் சட்டம் மாறுகிறது. சில மாநிலங்களில் வைத்திருப்பதே வழக்காகும். பாசத்தோடு கட்டிக்கொடுத்த பொட்டலம் பிள்ளைக்குச் சிக்கலாகிவிடக் கூடாது. பொருளை அனுப்புவதைவிட இந்தச் செய்முறையை அனுப்புங்கள். நல்ல ஹலால் கறி கிடைக்கும் ஊரில் இருந்தால், இன்ஷா அல்லாஹ், அவர்களே ஒரு விடுமுறை நாளில் செய்துகொள்வார்கள்.